தனி ஆவர்த்தனத்தில் ஒரு பொன்னாடை

உக்காருங்க தம்பி. வழியோர சீட்டு உங்களுதுதானே, தாராளமா உக்காருங்க. பையை மேலே வெச்சிடுங்க. என் பொட்டலத்தை மட்டும் நசுக்கிடாதீங்க, உள்ளே பொன்னாடை இருக்கு. அரியலூரா நீங்க? சந்தோஷம். அரியலூர்ல ரெண்டு பேருக்குப் போர்த்தியிருக்கேன்.

ஒண்ணு சொல்லிடறேன், தப்பா நினைக்காதீங்க. ஜன்னலோரம் இருக்கிறது என் சம்சாரம், செங்கமலம். அவகிட்ட மட்டும் எதுவும் கேட்டுடாதீங்க. தூங்கல. காதுல மாட்டியிருக்கா பாருங்க, கண்ணை மூடிக் கேட்டுக்கிட்டு இருக்கா. திருச்சியில வண்டி ஏறினதும் மாட்டினது. கேட்டு முடிக்கிற வரைக்கும் பேசக் கூடாதுன்னு எனக்கு உத்தரவு. எனக்கு! சரி, அவகிட்டதானே பேசக் கூடாது. உங்ககிட்ட பேசலாமே.

என்ன கேக்குறான்னு நினைக்கிறீங்க? என்னைத்தான். நான் பேசின நாலு நிமிஷத்தை. அதை வெச்சுக்கலாமா, வெட்டி எறியலாமான்னு தீர்ப்பு சொல்ற வேலையை ஒரு புண்ணியவான் அவ தலையில கட்டிட்டார். அந்தப் புண்ணியவான் எக்மோர்ல எங்களுக்காகக் காத்துக்கிட்டிருக்கார். இவ போய் வாயைத் திறந்து சொன்னா இருக்கேன், இல்லேன்னா இல்லை. முப்பத்தொரு வருஷம் மைக் பிடிச்சவன் கதை இந்த ரெண்டு ஒயர்ல தொங்குது தம்பி.

என்னைத் தெரியலையா? நீங்க திருச்சி இல்லை, அதான். உறையூர்ல போய் பொன்னாடை பூவராகன்னு கேளுங்க, ஆட்டோக்காரன் காசு வாங்காம கொண்டாந்து விடுவான். உறையூர் இசை ரசிகர் மன்றம், செயலாளர். கூட்டுறவு பண்டகசாலையில உத்தியோகம், அது வயித்துக்கு. மன்றம்தான் நமக்கு உசுரு. திருச்சிக்கு எந்த வித்வான் வந்தாலும், எந்தப் பாடகி வந்தாலும், இந்தக் கைதான் போர்த்தும். எண்ணி வெச்சிருக்கேன், ஆயிரத்து நூத்து நாப்பது பேர். அது ஒரு வித்தை தம்பி. சும்மா தோள்ல போட்டா வழுக்கி விழுந்திடும். இடது தோள்ல முதல்ல அழுத்தி, வலது பக்கம் கொண்டாந்து, கழுத்துக்குக் கீழே ஒரு தட்டு தட்டி, அப்படியே போட்டோக்காரன் பக்கம் ஆளைத் திருப்பணும். எல்லாம் மூணு செகண்டு.

ஆனா பாருங்க, ஆயிரத்து நூத்து நாப்பது போட்டோவிலேயும் என் முதுகுதான் விழுந்திருக்கு. போர்த்தறவன் எந்தப் பக்கம் நிப்பான்? வித்வானுக்கு நேரே. அப்போ கேமராவுக்கு முதுகு. பேசினதும் அப்படித்தான். நாலு வார்த்தை நல்லா பேசுவேன், கைதட்டுவாங்க, அது அதோட போச்சு. எதுவும் ஒரு இசைத்தட்டுலேயும் ஏறினதில்லை. நான் இப்படி ஒருத்தன் இருந்தேன், பேசினேன்னு காட்ட ஒரு துண்டு கிடையாது. அதை நினைச்சா வருத்தமாத்தான் இருக்கும். இந்த நாலு நிமிஷம் வர்ற வரைக்கும்.

காபி வாங்கிக்கறீங்களா? வேண்டாமா? நல்லது, இந்த வண்டியில காபி நல்லா இருக்காது.

போன ஐப்பசியில ஒரு நாள் காலையில வாசல்ல ஒரு ஆள். குட்டையா, தொப்பி போட்டு, தோள்ல வளைஞ்ச பெட்டி ஒண்ணு. பேரு லயனல். பொன்மலை ரயில்வே காலனியில பொறந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பம். அப்பா ரயில்வே ஷெட்டுல ஃபிட்டர். இவருக்குப் பதிமூணு வயசு இருக்கும்போது குடும்பத்தோட ஆஸ்திரேலியா போயிட்டாங்க. அங்க போய் சாக்ஸபோன் கத்துக்கிட்டு, ஜாஸ்னு ஒரு சங்கீதம் இருக்கே, அதுல பெரிய ஆளாயிட்டார். வயசு அம்பத்திரண்டு. ஆனா தமிழ் மட்டும் பதிமூணு வயசோட நின்னு போச்சு. பொன்மலை சந்தையில கோலி ஆடின பசங்க என்ன தமிழ் பேசினாங்களோ அதே தமிழ். சின்னவங்க பெரியவங்க கிடையாது, எல்லாரும் நீதான்.

"சார், நீதானே பூவராகன்? மேல் வீடு காலியா இருக்கு, நீ குடுப்பேன்னாங்க. நான் உள்ளே ஊதிக்கிட்டே இருப்பேன் மேன். உனக்குப் பரவாயில்லையா?"

எனக்கு முதல்ல சுருக்குன்னுச்சு. அப்புறம் அவர் வந்த காரியத்தைச் சொன்னார் பாருங்க, அப்படியே குளிர்ந்து போயிட்டேன். திருச்சி சங்கீதத்தை வெச்சு ஒரு ஆல்பம் போடப் போறாராம். இந்த ஊர்ல யார் யார் வாசிக்கிறாங்க, பாடறாங்க, கோயில்ல, சர்ச்சுல, கல்யாணத்துல, சாவுல, எல்லாத்தையும் போய்க் கேட்டு, கேட்டதை வெச்சு அவரா ஏழு உருப்படி பண்ணி, "ஊருக்கு ஒரு சலாம் மேன்" அப்படின்னார். எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு. ஒரு ஊருக்கே பொன்னாடை போர்த்தற வேலை! அதை இந்தப் பூவராகனைக் கேக்காம எவன் செஞ்சிட முடியும்?

மறுநாளே வேலையை ஆரம்பிச்சுட்டேன். நாப்பது நாள் தம்பி. என் ஸ்கூட்டர்ல பின்னாடி அவரையும் அந்தப் பெட்டியையும் ஏத்திக்கிட்டு நான் போகாத தெரு இல்லை. உறையூர் நாகஸ்வரம், பாலக்கரை பேண்டு செட்டு மாஸ்டர் சவரிமுத்து, கோயில் திருவிழாவுக்கு மெல்லிசை பாடற கோஷ்டி, சர்ச்சுல ஆர்கன் வாசிக்கிற லூர்துமேரி டீச்சர், பீமநகர் மிருதங்க வித்வான் சபேசன். எல்லா இடத்திலேயும் முதல்ல நான் ஒரு பத்து நிமிஷம் அறிமுக உரை. அவங்களைப் பத்தி இவருக்கும், இவரைப் பத்தி அவங்களுக்கும். லயனல் கையில ஒரு சின்ன ரெக்கார்டர் வெச்சிருப்பார், எல்லாத்தையும் பதிஞ்சுக்குவார். ஒரு நாள் அதைப் போட்டுக் கேட்டுட்டுச் சொல்றார், "சார், நாப்பது மணி நேரம் டேப் இருக்கு. அதுல முப்பது மணி நேரம் நீதான் மேன் இருக்கே." நான் அடக்கமா, "அதெல்லாம் என் கடமை"ன்னேன்.

இவ என்ன பண்ணினான்னு கேளுங்க. ஒண்ணும் பண்ணல. சமைச்சா. மேல் வீட்டுக்கு மூணு வேளையும் அனுப்பினா. நடுவுல லயனலோட டிரம்ஸ்காரர் கிரெக்னு ஒரு வெள்ளைக்காரர் வந்து சேர்ந்தார், ஆள் உயரத்துக்குப் பிடில் மாதிரி ஒண்ணை நிக்க வெச்சு விரலால தட்டற மெட்ராஸ் பொண்ணு ஒண்ணு வந்து சேர்ந்தது, ஷெரின்னு பேரு. அவங்களுக்கும் இவதான் சமைச்சா. இவளுக்குச் சங்கீதம் தெரியாது தம்பி. ஒரு ராகத்துக்குப் பேரு சொல்லத் தெரியாது. மன்றத்துக் கச்சேரி ஒண்ணு விடாம வருவா, மூணாவது வரிசை, தூண் பக்கத்து நாற்காலி. எதுக்கு வருவா? என் பேச்சைக் கேக்கத்தான், வேறென்ன. ஆனா நான் மைக்கைப் பிடிச்சதும் எழுந்து வெளியே போயிடுவா. தண்ணி குடிக்கணும்பா, செருப்பைக் காணோம்பா. எனக்குத் தெரியும், புருஷன் மேல கண்ணு பட்டுடுமேன்னு பயம். அது ஒரு விதமான பாசம்.

மேலே லயனல் ஒரே வரியை விதவிதமா ஊதிக்கிட்டே இருப்பார். எனக்கே தலை வலிக்கும். ஒரு நாள் இவ படியேறிப் போய், "தம்பி, மூணாவது தரம் வாசிச்சீங்களே அது நல்லா இருந்துச்சு, அதை ஏன் விட்டுட்டீங்க?"ன்னு கேட்டிருக்கா. எனக்கு உடம்பெல்லாம் கூசிப் போச்சு. அவ்வளவு பெரிய கலைஞர்கிட்ட! ஆனா அந்த மனுஷன் அப்படியே நின்னுட்டாராம். ரெக்கார்டரைப் போட்டு மூணாவது தரத்தைத் தேடிக் கேட்டிருக்கார். "அக்கா, நீ கரெக்ட்டு"ன்னாராம். அதுல இருந்து ஒரு பழக்கம் வந்துடுச்சு. அவர் மேலே ஊதுவார். இவ கீழே அடுப்படியில கரண்டியால குழம்புச் சட்டியில ரெண்டு தட்டு தட்டினா சரி, ஒரு தட்டு தட்டினா இன்னொரு தரம். நான் சொல்லிப் பார்த்தேன், "லயனல் சார், அவளுக்கு ஒண்ணும் தெரியாது, எதா இருந்தாலும் என்னைக் கேளுங்க." அதுக்கு அவர், "சார், நீ பேசறே. அக்கா கேக்குது" அப்படின்னார். ஆமா, நான் பேசறேன், அவ கேக்கறா. அதுதானே குடும்பம்?

விருத்தாசலம் வந்துடுச்சா? வண்டி சரியான நேரத்துக்குப் போகுது இன்னிக்கு. அவ நெத்தியைப் பாருங்க. சுருங்கியிருக்கா? சுருங்கியிருந்தா நல்லதில்லை. சரி, நான் பார்க்கல.

கச்சேரிக்கு வர்றேன். தை மாசம், ஞாயித்துக்கிழமை, பகல் பதினோரு மணி. பொன்மலையில அந்தக் காலத்துல ரயில்வேக்காரங்க டான்ஸ் ஆடின ஹால். ஏழு உருப்படியையும் ஜனங்க முன்னாடியே வாசிச்சு, அங்கேயே ரெக்கார்டு பண்ணி, அதையே ஆல்பமா போடறதுன்னு ஏற்பாடு. கிரெக்குக்கு அன்னிக்கு ராத்திரியே ஊருக்கு விமானம். திரும்ப வாசிக்க வழி கிடையாது. ரெக்கார்டு பண்றவர் என்னைக் கூப்பிட்டு, "சார், தயவுசெஞ்சு நடுவுல யாரும் மேடை ஏறக் கூடாது, பொன்னாடையெல்லாம் கடைசியில"ன்னார். நான் என்ன சின்னப் பிள்ளையா? முப்பத்தொரு வருஷ அனுபவம். எப்ப ஏறணும், எப்ப ஏறக் கூடாதுன்னு எனக்குத் தெரியாதா?

எங்க மன்றத்து வழக்கம் என்னன்னா, கச்சேரியில மிருதங்கத்துக்குத் தனி விடுவாங்க இல்லையா? மத்தவங்க நிறுத்திடுவாங்க, மிருதங்கம் மட்டும் தனியா வாசிக்கும். தனி ஆரம்பிச்சா பாதி சபை காபி குடிக்க எழுந்து போகும். நான் பொன்னாடையை எடுத்துக்கிட்டு மேடைப் படிக்கிட்ட போய் நிப்பேன். வித்வான் ஒரு தாளச் சொல்லை மூணு தரம் வாசிச்சு நிறுத்துவார். தீர்மானம். மூணு தரம் வந்துட்டா தனி முடிஞ்சுதுன்னு அர்த்தம். அந்த நொடியில நான் மைக்குல இருப்பேன். ஒரு தடவை கூடத் தப்பினதில்லை.

ஆறாவது உருப்படி. மூணு பேரும் வாசிச்சுக்கிட்டிருந்தாங்க. திடீர்னு லயனல் நிறுத்தினார், அந்தப் பொண்ணு நிறுத்திச்சு, கிரெக் மட்டும் தனியா டிரம்ஸ். எங்க ஜனங்களுக்குச் சொல்லியா கொடுக்கணும்? தனின்னு பாதிப் பேர் எழுந்துட்டாங்க. பின்னாடி கேன்டீன்ல காபியும் போண்டாவும் நானே ஏற்பாடு பண்ணியிருந்தேன். நான் படிக்கிட்ட போய் நின்னேன். கிரெக் வாசிக்கிறார், வாசிக்கிறார், பிரமாதமா வாசிக்கிறார். அப்புறம் ஒரு சொல். திரும்ப அதே சொல். திரும்ப மூணாவது தரம் அதே சொல். நிறுத்தம்.

நீங்களே சொல்லுங்க தம்பி. அது தீர்மானமா இல்லையா?

அப்புறம்தான் தெரிஞ்சது, அந்த மூணு தர விஷயத்தை கிரெக் நம்ம பீமநகர் சபேசன்கிட்ட கத்துக்கிட்டிருக்கார். கேக்க நல்லா இருந்துச்சாம், தனிக்கு நடுவுலேயே போட்டுட்டார். முடிக்கிறதுக்கு மட்டும்தான் அதைப் போடணும்னு யாரும் அவருக்குச் சொல்லல. சபேசன்கிட்ட அவரைக் கூட்டிட்டுப் போனது யாரு? நான்தான். அன்னிக்கு நாப்பத்தஞ்சு நிமிஷம் அறிமுக உரை பேசினதுல சபேசனுக்கு அதைச் சொல்ல நேரம் கிடைக்கலைன்னு இப்ப அவர் குத்தம் சொல்றார். அது வேற கதை.

ஏறிட்டேன். மைக்கைப் பிடிச்சேன். "பெருமதிப்பிற்குரிய பெரியோர்களே, தாய்மார்களே, இசை நெஞ்சங்களே!"

கிரெக் திருதிருன்னு முழிச்சார். ரெக்கார்டு பண்றவர் தலையில கை வெச்சுக்கிட்டார். லயனல் என்னைப் பார்த்தார். ஒரு செகண்டு பார்த்தார். அப்புறம் அந்த மனுஷன் சாக்ஸபோனை வாயில வெச்சு, நான் சொன்ன மாதிரியே ஊதினார் தம்பி. பெரியோர்களே, தாய்மார்களே. ஏத்தம், இறக்கம், இழுப்பு எல்லாம் அப்படியே. நான் என்ன நினைச்சேன், சரி, நம்ம பேச்சுக்கு மரியாதை பண்றாங்க, மாப்பிள்ளை அழைப்புல ஊதற மாதிரின்னு நினைச்சுக்கிட்டேன். இன்னும் கொஞ்சம் சத்தமா பேசினேன்.

நன்றி சொல்ல வேண்டியவங்க பட்டியல் என் சட்டைப் பையில இருந்துச்சு. நாப்பத்தி மூணு பேர். சவரிமுத்துன்னேன், ஒரு பீப்பி. லூர்துமேரி டீச்சர்னேன், ஒரு பீப்பி, இது மெதுவா, சர்ச்சு மாதிரி. சபேசன்னேன், கிரெக் டிரம்ஸ்ல ஒரு தட்டு. ஹால் வாட்ச்மேன் ராயப்பன், காலையில இருந்து கரண்டு போகாம பார்த்துக்கிட்ட லைன்மேன் கலியமூர்த்தி, போண்டா போட்ட மாஸ்டர், நாற்காலி கொண்டாந்தவர். ஒருத்தரை விடல. பேருக்குப் பேர் அவங்க வாசிச்சாங்க. காபி டம்ளரோட ஜனங்க ஓடி வந்து நின்னுட்டாங்க. என் வாழ்க்கையில நான் அப்படிப் பேசினதே இல்லை தம்பி.

கடைசியில பொன்னாடையை விரிச்சேன். லயனல் கழுத்துல சாக்ஸபோன் வார் தொங்குது, வாயில ஊதிக்கிட்டே இருக்கார், எங்கே போர்த்தறது? ரெண்டு கையாலேயும் விரிச்சுப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். அவர் நிறுத்தல. நான் சொன்ன பேரையெல்லாம் வரிசையா திரும்ப ஊத ஆரம்பிச்சார். பேச்சு இல்லாம, வெறும் குரல் போன வழியை மட்டும். சவரிமுத்து பேரை நான் எப்படிச் சொன்னேனோ அப்படி. ராயப்பன் பேரை எப்படிச் சொன்னேனோ அப்படி. எனக்கு என்னமோ ஆயிடுச்சு. நானா இப்படிச் சொன்னேன்? இந்த ஆளுங்க பேரையெல்லாம் நான் இவ்வளவு ஆசையாவா சொல்றேன்? முப்பத்தொரு வருஷம் பேசியிருக்கேன், என் குரலை நான் கேட்டதே இல்லை. அன்னிக்குத்தான் கேட்டேன். மைக் முன்னாடி நிக்கிறேன், ஒரு வார்த்தை வரல.

இருபத்திரண்டு செகண்டு. பிற்பாடு எண்ணிச் சொன்னாங்க. பூவராகன் மைக் முன்னாடி இருபத்திரண்டு செகண்டு வாயைத் திறக்காம நின்னான். எவ்வளவு அவமானம்! வசனம் மறந்து போச்சுன்னுதானே நினைப்பாங்க? அப்புறம் ஒரு வழியா "நன்றி, வணக்கம்"னு சொல்லி, பொன்னாடையை அவர் தலை மேலேயே போட்டுட்டு இறங்கிட்டேன். அவர் அதுக்குள்ளே இருந்தே ஊதி முடிச்சார். கைதட்டல் நிக்கவே இல்லை.

இதுல ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். அன்னிக்கு இவ தண்ணி குடிக்கப் போகல. எதிர்பாராம ஏறிட்டேன் இல்லையா, எழுந்து போக நேரம் கிடைக்கல போல.

இப்ப விஷயம் என்னன்னா, ஆஸ்திரேலியாவுல இசைத்தட்டு போடற கம்பெனி, அந்தப் பேச்சு வேண்டாம், வெட்டிட்டு டிரம்ஸையும் முடிவையும் ஒட்டிடுங்கன்னு சொல்லுது. யாருக்கும் புரியாத பாஷையில யாரோ ஒருத்தர் நாலு நிமிஷம் கத்தறார்னு எழுதியிருக்கான். கத்தறார்! லயனலுக்கு வெட்ட மனசு இல்லை. வெச்சுக்கவும் தைரியம் இல்லை. நானும் போன் பண்ணிச் சொன்னேன், "லயனல் சார், பேச்சை அப்படியே வெச்சுக்கங்க, அந்த இருபத்திரண்டு செகண்டை மட்டும் எடுத்துடுங்க, அது அசிங்கமா இருக்கு." அவர் சிரிச்சார். மறுநாள் பார்த்தா இவ போனுக்கு ரெண்டும் வந்திருக்கு. பேச்சோட ஒண்ணு, பேச்சு இல்லாம ஒண்ணு. "அக்கா, எது நல்லா இருக்குன்னு நீ சொல்லு. நீ சொல்றதைப் போடறேன்." இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள சொல்லணும், தட்டு அச்சுக்குப் போகுது.

உங்களுக்குப் புரியுதா என் நிலைமை? நாப்பத்தி மூணு பேருக்கும் நான் சொல்லிட்டேன், உங்க பேரெல்லாம் உலகம் பூரா கேக்கப் போகுதுன்னு. லைன்மேன் கலியமூர்த்தி அவர் மாமியார் வீட்டுக்கெல்லாம் சொல்லிட்டார். வெட்டிட்டா உறையூர்ல நான் எப்படித் தலைகாட்டறது? அவங்களை விடுங்க. எனக்கு வேணும் தம்பி. சொல்றதுக்கு என்ன வெக்கம். நான் செத்த பிறகும் எங்கேயோ ஒரு தட்டு சுத்தும், அதுல நான் இருப்பேன். அந்த ஆசை எனக்கு இருக்கு.

ரெண்டு நாளா நான் படற பாடு! காலையில காபி நான்தான் போட்டேன். கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்துல முதல் தடவை. மல்லிகைப்பூ வாங்கிட்டு வந்தேன். "செங்கமலம், நீ யோசிக்கவே வேண்டாம், பேச்சு இருக்கட்டும்னு ஒரு வார்த்தை அனுப்பிடு"ன்னேன். "கேக்காம எப்படிச் சொல்ல முடியும்?"னா. "சரி, இப்பவே கேளு"ன்னேன். "நீங்க வீட்ல இருந்தா எப்படிக் கேக்க முடியும்?"னா. போன்லேயே சொல்லிடலாமேன்னேன். "இல்லை, நேர்ல போய்த்தான் சொல்லணும்." அதான் தம்பி எனக்குப் பயம். நல்ல சேதின்னா எதுக்கு நேர்ல? கெட்ட சேதியைத்தானே நேர்ல போய்ச் சொல்லுவாங்க?

உளுந்தூர்பேட்டை தாண்டியாச்சு. மூணு தரம் கேட்டுட்டா, போன்ல பார்த்தேன். பேச்சு இல்லாததை ஒரு தரம், இருக்கறதை ரெண்டு தரம். இதுல என்ன அர்த்தம் எடுத்துக்கறது? ரெண்டு தரம் கேட்டா பிடிச்சிருக்குன்னு அர்த்தமா, சகிக்கலைன்னு அர்த்தமா? முகத்துல ஒண்ணும் தெரியாது. குழம்புல உப்பு கூடிப் போனா எப்படி இருப்பாளோ அப்படித்தான் எப்பவும் இருப்பா.

இருங்க, இருங்க. கழட்டறா.

என்னம்மா? முடிஞ்சுதா? ஒண்ணும் அவசரமில்லை, இன்னொரு தரம் வேணும்னாலும் கேளு. இவர் அரியலூர்க்காரர், நல்ல பிள்ளை. ஒண்ணும் இல்லை, சும்மா ஊர்க் கதை பேசிக்கிட்டிருந்தோம். இவர்தான் பேச்சுக் கொடுத்தார். சொல்லும்மா.

என்னது?

வெச்சுக்கலாமா?

தம்பி! கேட்டீங்களா? அவ குரல் மெதுவா இருக்கும், உங்களுக்குக் கேட்டிருக்காது. வெச்சுக்கலாம்கிறா! நாலு நிமிஷமும்! ஒரு பேரும் போகாது! எனக்குத் தெரியும், எனக்கு அப்பவே தெரியும். பேச்சு அப்படி அமைஞ்சு போச்சு. எங்கேம்மா நல்லா இருந்துச்சு? ஆரம்பமா? பெரியோர்களே, தாய்மார்களேன்னு எடுத்தேனே, அந்த இடமா?

இல்லையா? பின்னே?

என்னம்மா சொல்றே. இவர் வேற பக்கத்துல இருக்கார்.

தம்பி, என்ன சொல்றான்னா, நான் பேச்சு வராம நின்னேனே, அந்த இருபத்திரண்டு செகண்டு, அதுதான் நல்லா இருக்காம். இத்தனை வருஷம் கேட்டதுலேயே அதுதான் நல்ல இடமாம். சரி, அது நல்லா இருந்தா அதை மட்டும் வெச்சுக்க வேண்டியதுதானே, பேச்சு எதுக்குன்னு கேக்கவா? கேக்கறேன். ஏம்மா, அப்போ மிச்சம் எதுக்கு?

"முன்னாடி அவ்வளவு நேரம் பேசினாத்தானே நிறுத்தினது தெரியும்"கிறா.

இது பாராட்டா தம்பி? நீங்க படிச்சவர் மாதிரி இருக்கீங்க. வேண்டாம், சொல்லாதீங்க.

இதுக்கா நேர்ல வரணும்னே? ஓ. அந்த இருபத்திரண்டுல ஒரு செகண்டு கூடக் குறைக்கக் கூடாதுன்னு லயனல் கையைப் பிடிச்சுச் சொல்லணுமாம். போன்ல சொன்னா பின்னாடியே நான் கூப்பிட்டு, பேசியே அவர் மனசை மாத்திடுவேனாம். செய்ய மாட்டேனா என்ன, நேத்தே இன்னொரு தரம் அவரைக் கூப்பிட்டுப் பேசிட்டேனே. அது உனக்கு எப்படித் தெரியும்?

என்ன இது, ஒரு ஒயரை என் காதுல வைக்கிறே? நான் கேட்டதில்லைம்மா. நான் பேசினது எனக்குத் தெரியாதான்னு இதுவரைக்கும் போட்டுக் கேக்கவே இல்லை. சரி, சரி, தலையை இந்தப் பக்கம் சாய்க்கிறேன். பேசல. அந்த இடம் வந்துடுச்சா? வரப் போகுதா?

தம்பி, தப்பா நினைக்காதீங்க. விழுப்புரம் வர்ற வரைக்கும் நீங்க கொஞ்சம் பேசாம வாங்க. நான் இதைக் கேக்கணும்.